தாம்பரத்திலிருந்து வில்பிரட் கேட்கிறார்

1987 நவம்பர் எட்டு, ஞாயிறு, காலை எட்டு இருபது. தாம்பரத்தை அடுத்த பீர்க்கன்கரணையில் வில்பிரட் வீட்டு மிக்சி நிறுத்தப்பட்டது. அது ஓடினால் ரேடியோ இரையும்.

"சட்னி பாதியில நிக்குது" என்றாள் அவர் மனைவி பேபி.

"பத்து நிமிஷம். சட்னி எங்கயும் ஓடிடாது."

வானொலியில் 'சக்கரமும் நீங்களும்' தொடங்கியது. நேயர்கள் தங்கள் வண்டிக் கோளாறுகளை எழுதுவார்கள். நிபுணர் ஒருவர் பதில் சொல்வார். அவருக்குத் தொண்டைக் கரகரப்பு உண்டு, சந்தேகம் கிடையாது. கம்பெனிப் பெயரை வானொலியில் சொல்லக் கூடாது என்பதால் எல்லா வண்டிகளும் அங்கே 'அன்பரின் வாகனம்'தான்.

வில்பிரட் பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் தலைமை எழுத்தர். ஆறு மாதத்துக்கு முன், இருபத்து மூன்று வருடம் ஓடி ஓய்ந்த ஒரு காரை வாங்கியிருந்தார். மழை தொடங்கியதும் ஏரிக்கரைத் தெருச் சேற்றில் அதன் பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்றன.

"டயர் மொழுக்கையா கீது சார். மாத்துங்க" என்றார் பெருங்களத்தூர் மெக்கானிக் ஐசக்.

இவ்வளவு எளிய பதிலை வில்பிரட்டால் மதிக்க முடியவில்லை. வானொலிக்கு எழுதினார்.

அவசரம் இருந்தது. இருபத்தைந்தாம் தேதி, புதன்கிழமை, மகள் கிருபாவுக்குப் பல்லாவரம் தேவாலயத்தில் கல்யாணம். அந்த வாரக் கடைசியில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வெந்து காலம் தொடங்கிவிடும். பிறகு ஜனவரி வரை கோயிலில் கல்யாணம் நடத்தமாட்டார்கள். மாப்பிள்ளை டிசம்பரில் மஸ்கட் போகிறான். அந்தப் புதன்கிழமை ஒரே நாளில் நான்கு ஜோடிகள். கிருபாவுக்குக் கிடைத்தது பத்து மணி. தவறினால் அடுத்த ஜோடி உள்ளே போய்விடும்.

சம்பந்தி சுவிசேஷமுத்து தன் காரை அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்.

"என் பொண்ணு என் கார்லேர்ந்துதான் எறங்குவா" என்று வில்பிரட் சொல்லிவிட்டார். நாலு பேர் முன்னிலையில் சொன்னார்.

"தாம்பரத்திலிருந்து வில்பிரட் கேட்கிறார்" என்றது ரேடியோ.

வில்பிரட் எழுந்து நின்றார்.

"அன்பரின் வாகனம் சேற்றில் பின்சக்கரம் சுழன்று நின்றுவிடுகிறது. மேடு ஏறும்போது முன்பக்கம் தூக்குகிறது."

"முன்பக்கம் தூக்குதுன்னா எழுதுனீங்க?" என்றாள் பேபி.

"எழுதல."

"அப்புறம்?"

"எழுதாததையும் கண்டுபுடிச்சிருக்கார் பாரு. அதுக்குப் பேர்தான் நிபுணர்."

பதிலை மூன்று வாரங்களில் படிப்படியாகத் தரப்போவதாக நிபுணர் அறிவித்தார். முதல் படி, பின்சக்கரங்களில் காற்றைப் பன்னிரண்டு பவுண்டாகக் குறைப்பது.

"பன்னெண்டா? சைக்கிளுக்கே பத்தாது சார்" என்றார் ஐசக்.

"நீ குறை."

ஐசக் குறைத்தார். கார் வயிற்றுப்போக்கு வந்தவனைப் போல நடந்தது. மூன்றாம் நாள் இரண்டு டியூபும் கிழிந்தன. டியூப் தரமில்லை என்று வில்பிரட் முடிவு செய்தார். புது டியூப் போட்டார்.

அடுத்த ஞாயிறு அவர் டேப் ரிக்கார்டரோடு உட்கார்ந்தார். "தாம்பரம் அன்பர் வில்பிரட்டுக்கு" என்று நிபுணர் தொடங்கியது சுத்தமாகப் பதிவானது. அந்தக் கேசட்டை அலுவலகத்தில் போட்டுக் காட்டினார். கல்யாணப் பத்திரிகை வைக்கப் போன வீடுகளிலும் போட்டார். சம்பந்தி வீட்டில் இரண்டு தடவை.

"அப்பா, எதிர்வீட்டு சாவித்ரி டீச்சர் கேக்குறாங்க, எப்போ கல்யாணம்னு" என்றாள் கிருபா. "கேசட் போட்டுட்டு பத்திரிகை குடுக்காம வந்துட்டீங்களாம்."

இரண்டாவது படி, பின் டயர்களில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்புவது.

ஐசக் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"இன்னா சார் சொல்றீங்கோ? டயர்ல தண்ணியா?"

"முக்கால் பங்கு."

"இருவது வருசமா கார் பாக்கறேன் சார். காருல தண்ணி ஊத்துற எடம் ரேடியேட்டர் ஒண்ணுதான்."

"நீ ரேடியோ கேக்குறதுண்டா?"

"ஏது சார் டைமு? ரேடியோ கேட்டுட்டு வர்றவங்க வண்டியைப் பாக்கவே நேரம் பத்தல."

வில்பிரட் கேசட்டை எடுத்தார். ஐசக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, வாட்டர் சர்வீஸ் குழாயை டயர் வாயில் பொருத்தினார்.

கார் இப்போது குடத்தைத் தூக்கி வருபவளைப் போலச் சத்தம் போட்டபடி வந்தது. பிரேக் போட்டால் கார் நிற்கும்; தண்ணீர் நிற்காது. வீட்டு வாசலில் நிறுத்தப் பார்த்தார். கார் சாவித்ரி டீச்சர் வீட்டுக் கேட்டில் நின்றது. கேட் அங்கே இல்லாமல் போயிற்று.

பத்திரிகை கொடுக்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் அமையாது என்று பேபி சொன்னாள்.

வில்பிரட்டுக்கு அது காதில் விழவில்லை. ஸ்டியரிங் பிடிபடாமல் மிதந்ததை நினைத்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா? முன்பக்கம் தூக்குது. மனுஷன் போன வாரமே சொன்னார்."

"ஆட்டோ சொல்லிடலாம்பா" என்றாள் கிருபா.

"ரேடியோல பேர் வந்தவன் பொண்ணு ஆட்டோல போறதா?"

"ரேடியோல வந்தது உங்க பேருதானே. நான் போறேன்."

"பேசாதே."

கடைசி ஞாயிறு மூன்றாவது படி வந்தது. முன்பக்கம் எண்பது கிலோ எடை கட்ட வேண்டும். ஐசக் இதற்கு மறுத்துவிட்டார். தனக்கும் பிள்ளைகள் இருப்பதாகக் காரணம் சொன்னார். வில்பிரட் வீட்டுக்குப் போய்ச் சமையலறையைச் சுற்றிப் பார்த்தார்.

"ஆட்டுக்கல்லைத் தொட்டீங்கன்னா நான் கோயிலுக்கே வரமாட்டேன்" என்றாள் பேபி. "கல்யாண வீட்டுல மாவு எதுல அரைக்கிறது?"

"புதன்கிழமை ஒரு நாள்தான்."

புதன்கிழமை காலை எட்டே முக்காலுக்கு, முன் பம்பரில் ஆட்டுக்கல்லும் அம்மிக்கல்லும் தேங்காய் நார்க் கயிற்றில் தொங்க, அவற்றின் மேல் ரோஜாமாலை தொங்க, கார் புறப்பட்டது. பின்னால் வெள்ளைப் பட்டில் கிருபாவும் பேபியும். உறவினர்கள் முன்னமே பஸ்ஸில் போய்விட்டார்கள். யாரும் காரில் இடம் கேட்கவில்லை.

இரவெல்லாம் மழை. ஏரிக்கரைத் தெருவில் ஐம்பது அடி போனதும் முன்பக்கம் சேற்றில் குத்தியது. பம்பர் கழன்று ஆட்டுக்கல்லோடு போயிற்று. பின்சக்கரங்கள் அச்சுவரை இறங்கின. இன்ஜின் இருமி நின்றது. கால் மணி நேரம் சாவியைத் திருகிப் பார்த்தார்.

ஒன்பது மணி. வில்பிரட் இறங்கினார். சேறு முழங்காலைத் தொட்டது.

"நான் எப்படிப்பா எறங்குறது?" என்றாள் கிருபா. புடவையைப் பார்த்தாள். "பத்து மணி தாண்டினா என்னப்பா ஆகும்?"

எல்லோருக்கும் தெரியும். பேபி ஜெபம் செய்ய ஆரம்பித்தாள். நடுவில் ஒரு கண்ணைத் திறந்து, "அந்த நிபுணரு நாலாவது படி ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள்.

ஒன்பது பதினைந்துக்கு எதிரே ஒரு டிராக்டர் வந்தது. லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர் ஓட்டிவந்தார். காரைப் பார்த்தார், மணப்பெண்ணைப் பார்த்தார், மிதக்கிற மாலையைப் பார்த்தார். டிராக்டரைத் திருப்பிக் கயிறு கட்டினார். அந்தச் சேற்றில் டிராக்டர் ஒரு தடவைகூடச் சறுக்கவில்லை. கார் பல் பிடுங்கியதைப் போல வெளியே வந்தது.

ஆனால் கிளம்பவில்லை.

"எங்க சார் போவணும்?"

"பல்லாவரம். பத்து மணிக்குள்ள."

"குந்துங்க."

ஜி.எஸ்.டி. ரோடு முழுக்கப் பஸ்களிலிருந்து தலைகள் நீண்டன. வில்பிரட் ஓடாத காரின் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தாம்பரத்தில் ஒரு போக்குவரத்துக் காவலர் சல்யூட் அடித்தார். சிரிப்பை மறைக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

ஒன்பது ஐம்பத்தெட்டு. தேவாலய வாசலில் பாண்டு வாத்தியம் பாதியில் நின்றது. சம்பந்தி சுவிசேஷமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். வில்பிரட் சொன்னபடியே கிருபா அப்பாவின் காரிலிருந்து இறங்கினாள். பேபி அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள்.

வில்பிரட் டிராக்டர்காரரிடம் வந்தார். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

"வண்டி நல்லா இழுக்குது" என்றார்.

டிராக்டர்காரர் கயிற்றைச் சுருட்டியபடி பின்சக்கரத்தைத் தட்டிக் காட்டினார்.

"போன மாசம் வரைக்கும் இதுவும் சேத்துல நின்னுகினுதான் சார் இருந்துச்சு. மேடு ஏறுனா மூஞ்சியைத் தூக்கிக்கும். தாம்பரத்தாண்ட எங்க முடிச்சூர்ல எவனுக்கும் புரியல. ரேடியோவுக்கு ஒரு கார்டு போட்டேன். டயர்ல தண்ணி ஊத்து, முன்னால வெயிட்டு கட்டுன்னு மூணு வாரம் புட்டுப் புட்டு வச்சாங்க, தாம்பரம் வில்பிரட்டுன்னு என் பேரைச் சொல்லியே. நீங்க கேட்டீங்களா சார்?"