கடைசிப் பதினாறு பக்கம்

என் மனைவி லோகநாயகியின் சிரிப்பை நிறுத்துவது என்று ஒரு மழைநாள் காலையில் முடிவெடுத்தேன்.

தப்பாக நினைக்காதீர்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் லேத் ஓட்டின கம்பெனியை மூடிப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. நாங்கள் குடியிருக்கும் மேனாம்பேட்டில் மழை விடவில்லை. துணி காயவில்லை. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளோ, பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் கொடுத்த மாத நாவலை வைத்துக்கொண்டு அடுப்படியில் விழுந்து விழுந்து சிரித்தாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. எனக்கு வலித்தது.

“இன்னாமே அப்படி சிரிப்பு?”

“காதல் கதைய்யா. ஒருத்தி தையக்கடை வச்சிகீறா. இன்னொருத்தி அவளப் பாக்கறதுக்காவே ஒரே ஜாக்கெட்ட ஏழு வாட்டி பிரிச்சித் தைக்கக் குடுக்கறா.”

“ஹீரோ யாரு?”

“அவங்க ரெண்டு பேருந்தான்.”

“ஆம்பளையே இல்லாம இன்னா காதலு?”

“அதான் கதை நிம்மதியாப் போவுது.”

அவள் ரேஷன் கடைக்குப் போனதும் கடைசிப் பதினாறு பக்கத்தைக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டேன். ஈர விறகு அன்றைக்குத்தான் நன்றாக எரிந்தது. முடிவு தெரியாமல் தவிக்கட்டும், என்னோடு சண்டையாவது போடட்டும் என்பது என் திட்டம்.

வந்தாள். புத்தகத்தைப் புரட்டினாள். மூடி வைத்துவிட்டு அரிசி களைந்தாள்.

இரண்டு நாள் பேச்சில்லை, சிரிப்பும் இல்லை. இழவு வீட்டில்கூட நாலு பேர் பேசிக்கொள்வார்கள். பொழுது போகாமல் மிச்சப் புத்தகத்தை எடுத்தேன். பத்தாம் பக்கத்தில் சிரித்தேன். நாற்பதாம் பக்கத்தில் ஜாக்கெட்காரிக்காகக் கவலைப்பட ஆரம்பித்தேன். எட்டாவது முறை அவள் ஜாக்கெட்டோடு வருகிறாள். தையல்காரி கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ‘உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்’ என்கிறாள். அதற்கு மேல் பக்கம் இல்லை.

நனைந்துகொண்டே புத்தகக் கடைக்கு ஓடினேன். அடுத்த மாத நாவலே வந்துவிட்டது, பழசு கிடையாது என்றார்கள்.

“பஞ்சவர்ணத்துக்கு முடிவு தெரியுமா லோகு?”

“அவ எங்க படிச்சா? வாங்கன கையோட என்கிட்ட குடுத்துட்டா.”

“அப்ப யாருக்குமே தெரியாதா?”

“எனக்குத் தெரியும். எந்த புக்கா இருந்தாலும் கடைசிலருந்துதான படிப்பேன். பன்னெண்டு வருஷமா பாத்துகினுதான கீற?”

நான் பார்த்ததேயில்லை. அது அப்போதுதான் உறைத்தது.

“சொல்லேன்மே. ரெண்டு பேரும் சேந்தாங்களா?”

“ஒரு நாளைக்கு ஒரு பக்கம். அடிபம்புல தண்ணி நீதான் அடிக்கணும். பாத்தரமும் நீதான்.”

ஒத்துக்கொண்டேன். தினமும் நான் பாத்திரம் துலக்க, அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறாள். என்னோடு சேர்ந்து சிரிக்கிறாள். பொய் சொல்வானேன், எனக்குப் பிடித்திருக்கிறது. “இன்னிக்கி மிஷின் ஊசி ஒடஞ்சிடுச்சிய்யா. மீதி நாளைக்கி” என்று எழுந்துவிடுகிறாள்.

கிழித்தது பதினாறு பக்கம். இன்று நாற்பத்தோராம் நாள். என் கம்பெனியைக்கூடத் திறந்துவிட்டார்கள், அந்தத் தையல் கடை ஷட்டர் மட்டும் இன்னும் பாதியிலேயே நிற்கிறது.