ஒரே சந்தா, நாலு காது

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு துரும்பைக்கூடத் தூக்குவதில்லை என்று தலைமை எழுத்தர் சபதம் எடுத்துக்கொண்டார். சபதம் எடுத்த இடம் குளியலறை. மனைவி காதில் விழாதபடி குழாயை நன்றாகத் திறந்துவிட்டுத்தான் எடுத்தார். வீரம் வேறு, விவேகம் வேறு.

விஷயம் இதுதான். மச்சான் வீடு மாறுகிறான். போன தடவை போனது முதல் மாடி. பீரோவின் ஒரு முனையைப் பிடித்ததற்கே நம்ம ஆள் பத்து நாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அலைந்தார். இந்தத் தடவை நாலாவது மாடி. லிஃப்ட் இருக்கிறது, ஓடாது. “மாமா இருக்கும்போது எனக்கென்ன கவலை!” என்று மச்சான் ஃபோனில் சொன்னானோ இல்லையோ, இவருக்கு முதுகெலும்பு கணுக்கணுவாக வலிக்க ஆரம்பித்துவிட்டது.

காலையில் சட்டையை மாட்டிக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தார்.

“ஏம்மா, இன்னைக்கு ஆபீசுக்கு வரச் சொல்லிட்டாங்க. பழைய ஃபைல் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தணுமாம்.”

“ஞாயித்துக்கிழமையா?”

“கம்ப்யூட்டருக்கு ஏது ஞாயித்துக்கிழமை?”

“அதுவும் சரிதான். போயிட்டு வாங்க. தம்பி வீட்டுக்கு நான் போய்ச் சொல்லிக்கிறேன்.”

இவ்வளவு சுலபமாக விட்டுவிட்டாளே என்று அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது. நேரே பூங்காவுக்குப் போய், மரத்தடி பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்து, இயர்ஃபோனைக் காதில் செருகினார்.

அவருடைய பாட்டு ஆப்பைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அவர் சொல்வதானால் ஒரு வார்த்தையோடு நிற்காது. “நீ எந்தப் பாட்டைப் பாதியில விடுறே, எதைத் திரும்பத் திரும்பக் கேக்குறே, எல்லாத்தையும் குறிச்சு வச்சுக்கும். அடுத்து உனக்கு என்ன வேணும்னு உன்னைக் கேக்காம அதுவே முடிவு பண்ணும். நம்ம மனசு அதுக்குத் தெரியும்!” என்று வீட்டில் ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தார்.

“அதைத்தானே இருபத்திரண்டு வருஷமா நானும் பண்றேன். எனக்கு யாரு சந்தா கட்டினா?” என்றாள் மனைவி.

குடும்பச் சந்தா எடுக்கலாமே என்று அவள் கேட்டதற்கும் சாமர்த்தியமாகப் பதில் சொன்னவர்தான். “நாம ஈருடல் ஓருயிர். ஓருயிருக்கு ஒரு சந்தா போதும்.”

பூங்காவில் புல்லாங்குழல் இசை ஆரம்பித்தது. அரை நிமிஷத்தில் நின்றது. சிக்னல் சரியில்லை என்று மறுபடி அழுத்தினார். ஓடியது, நின்றது. மூன்றாவது தடவை அழுத்தினார். அப்போது மனைவியின் அழைப்பு வந்தது.

“என்னங்க, ரொம்ப வேலையா?”

“தலை நிமிர நேரமில்ல.”

“பின்னாடி சின்னப் பசங்க சத்தம் கேக்குதே?”

“அதுவா... புதுசா வேலைக்குச் சேர்ந்தவங்க. இந்தக் காலத்துல ரொம்பச் சின்ன வயசுலயே வந்துடறாங்க.”

“ஊஞ்சல்ல என்னைத் தள்ளுன்னு ஒருத்தன் கத்துறான்.”

“மேனேஜர் செல்லம் கொடுத்துக் கெடுத்து வச்சிருக்காரு. வைக்கட்டுமா?”

“வைங்க, வைங்க. வேலையைப் பாருங்க.”

அப்பாடா, தப்பித்தோம் என்று சாய்ந்தார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் தொடாமலே காதில் ஒரு பாட்டு கிளம்பியது. பொய் சொல்லிவிட்டுப் போனவனைப் பெண்ணொருத்தி கிழி கிழி என்று கிழிக்கும் பாட்டு. இதை நான் கேட்டதே இல்லையே என்று நிறுத்தினார். உடனே அடுத்தது வந்தது. ‘எங்கே ஒளிந்தாலும் என் கண்ணுக்குத் தப்புமா?’ என்று ஒரு முரட்டுக் குரல் கேட்டது. அதையும் நிறுத்தினார். மூன்றாவது, கூடப் பிறந்தவனின் பெருமையைச் சொல்லி ஒரு அக்கா அழும் பாட்டு.

தலைமை எழுத்தருக்கு வியர்த்துவிட்டது. ஆப் மனசைப் படிக்கும் என்று ஊருக்கே உபதேசம் செய்தவர் ஆயிற்றே! படித்தேவிட்டது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவருடைய நெஞ்சு குறுகுறுத்தது தாளத்தோடு.

பதறிப்போய் இயர்ஃபோனைப் பிடுங்கினார். பாட்டு நின்றது. நின்ற வேகத்தில் மறுபடி கிளம்பியது, இந்தத் தடவை ஃபோனின் வாய் வழியாக. சத்தம் ஒவ்வொரு படியாகத் தானே ஏறி உச்சியைத் தொட்டது. ‘ஏமாற்றுக்காரா, ஏமாற்றுக்காரா!’ என்று பூங்கா முழுக்க எதிரொலித்தது. நடைப்பயிற்சிக்காரர்கள் நின்று பார்த்தார்கள். ஊஞ்சல் பையனும் இறங்கி வந்து பார்த்தான். ஃபோனை அணைத்துவிடலாம். ஆனால் மனைவி கூப்பிடும்போது அணைந்து கிடந்தால் அது இதைவிடப் பெரிய வம்பு.

“போறேம்ப்பா, போறேன்! தெரியாமப் பண்ணிட்டேன்!” என்று ஃபோனைப் பார்த்துக் கும்பிட்டார்.

பாட்டு நின்றுவிட்டது. மன்னிப்பு கிடைத்துவிட்டது என்றே நம்பினார். மறுபடி ஆரம்பிப்பதற்குள் இரண்டு தெருவை ஓட்டமும் நடையுமாகக் கடந்து மச்சானின் புது வீட்டு வாசலில் போய் நின்றார்.

“மாமா! ஆபீஸ்னு அக்கா சொன்னாளே?” என்று வாயைப் பிளந்தான் மச்சான்.

“ஆபீஸ் கிடக்கட்டும் மாப்ளே. சொந்தத்தைவிட ஃபைல் பெரிசா? எங்கே அந்த பீரோ?”

தூக்கினார். முதல் மாடியில் தத்துவம் பேசினார். இரண்டாவதில் பேச்சு நின்றது. மூன்றாவதில் மூச்சு நிற்கப் பார்த்தது. நாலாவதில் பீரோவை இறக்கியதும், அட்டைப்பெட்டியின் டேப்பைப் பிரித்துக்கொண்டிருந்த மனைவியின் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார். மனசு தாங்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

“பொய்தாம்மா சொன்னேன். பூங்காவுலதான் இருந்தேன். ஆனா அந்த ஆப் இருக்கே, அது சாதாரண ஆப் இல்ல. என் மனசாட்சியை அப்படியே படிச்சு, ஒவ்வொரு பாட்டா எடுத்து அடிச்சுது!”

மனைவி அவரைப் பார்த்தாள். கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. தன் ஃபோனை எடுத்துக் காட்டினாள். அதில் அவருடைய ஃபோனின் பெயர் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

“ஒரே சந்தாங்க. நீங்க அங்க போட்டா எனக்கு இங்க நின்னுடும். உங்க ஃபோன்ல என்ன ஓடுதுன்னு இதுல தெரியும். இங்கிருந்தே பாட்டை மாத்தலாம், சத்தத்தைக் கூட்டலாம்.”

“அப்போ... நான் கும்பிட்டதும் நின்னுதே?”

“அப்போ பாட்டை நிறுத்திட்டு நான் பாத்திரம் இறக்கப் போயிருந்தேன்.”

அவள் எழுந்து, ஃபோனில் விரலை வைத்துக்கொண்டு, ரொம்பப் பிரியமாகக் கேட்டாள்:

“கீழே ஃப்ரிட்ஜ் நிக்குது. அதுக்கு என்ன பாட்டுங்க போடட்டும்?”