திருஞானசம்பந்தமூர்த்தி மாமா காலமான பிற்பகல்

உயிரோடிருந்த என் தாய்மாமனுக்கு நான் ஒருமுறை மரண அறிவிப்பு வெளியிட்டேன். அந்த அறிவிப்பில் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன். என் தரப்பில் சொல்லிக்கொள்ள வேறு நல்ல செய்தி கிடையாது.

நான் மேடையில் வளர்ந்தவன். பள்ளியில் தமிழ்ச் சொற்போர் அணிக்குத் தலைவன். பல்கலைக்கழகத்தில் என் பெயரைக் கேட்டதும் எதிரணியினர் போட்டியை ஒத்திவைக்கச் சொல்லுவார்கள் (ஒருமுறை சொன்னார்கள், அவர்களில் ஒருவருக்கு அம்மை). ஒரு கருத்தை நிறுவ மூன்று வாதங்கள், ஓர் எடுத்துக்காட்டு, முடிவில் குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி: நான் கற்ற கலை இதுதான். வீட்டில் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டுவது யார் என்பதையும் இவ்வழியிலேயே தீர்மானிப்பேன். எல்லா வாதத்திலும் நான் வெல்வேன்; குப்பையை அம்மா கொட்டுவார்.

இப்படிப்பட்டவனுக்குச் சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் இணையத்தளங்கள் உருவாக்கும் ஒரு சிறு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. கணினி வாதங்களைக் கேட்பதில்லை என்று அங்கே யாரும் எனக்கு முதல் நாளே சொல்லவில்லை.

லிட்டில் இந்தியாவில் இறுதிச்சடங்கு ஏற்பாடுகளைச் செய்துதரும் ஒரு குடும்ப நிறுவனம் எங்களிடம் வந்தது. பெட்டி, பூ, அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் பந்தல், மண்டாய் தகனச்சாலைக்கு வண்டி என்று எல்லாவற்றையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இனி மரண அறிவிப்பையும் இணையத்திலேயே கொடுக்க வேண்டும் என்றார்கள். துயரத்தில் இருக்கும் குடும்பம் ஒரு பெயரையும் படத்தையும் சில வரிகளையும் இட்டு, 'வெளியிடு' என்ற பொத்தானை அழுத்தினால் போதும். அறிவிப்புக்குத் தனிப் பக்கம் உருவாகும். குடும்பத்தார் கொடுத்த எண்களுக்கெல்லாம் செய்தி பறக்கும்.

எங்கள் தொழிலில் எந்தத் தளத்துக்கும் இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று சோதனைத் தளம்: அதில் எதையும் உடைக்கலாம், எந்தச் செய்தியும் வெளியே போகாது. மற்றது நேரடித் தளம்: அது உலகத்துக்கு. இரண்டும் பார்வைக்கு அச்சு அசலாக ஒன்றே. இந்த ஒற்றுமை ஆபத்தானது என்று கவிதா சொன்னார். கோயம்புத்தூரிலிருந்து வந்து என்னுடன் பணிபுரிபவர். தூங்கும்போதும் பிழை தேடுவார் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு.

"டெஸ்ட் சைட்டுக்கு மேல செவப்புல ஒரு பட்டை போட்டுறலாம் மாறன். பேரு 'சோதனை ஒண்ணு, சோதனை ரெண்டு'ன்னு வெச்சுக்கலாம். நம்பருக்கு உங்க நம்பர் ஒண்ணு போதும்."

நான் எழுந்து நின்றேன். (உட்கார்ந்து மறுத்துப் பேச எனக்குத் தெரியாது.) முதலாவது, துக்கம் சுமக்கும் ஒரு தளத்தின் நெற்றியில் சிவப்புப் பட்டை அழகியலுக்கு அவமானம். இரண்டாவது, 'சோதனை ஒன்று' என்று எந்தத் தாயும் பிள்ளைக்குப் பெயரிடுவதில்லை. தமிழர் பெயர்கள் நீளமானவை, நீளமான பெயர்தான் பக்கத்தை உடைக்கும், ஆகவே உண்மையான பெயரைக் கொண்டே சோதிக்க வேண்டும். மூன்றாவது, சிங்கப்பூர், மலேசியா, இந்தியா என்று மூன்று நாட்டு எண்களும் மூன்று வடிவத்தில் இருக்கும். அவற்றையும் உண்மையான எண்களைக் கொண்டே சோதிக்க வேண்டும். இறுதியாகக் குரலைத் தாழ்த்தி, "நாம் மனிதர்களுக்குத் தளம் கட்டுகிறோமா, சோதனைகளுக்கா?" என்று கேட்டேன்.

மேலாளர் கைதட்டினார். கவிதா தன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நல்லாத்தான் பேசறீங்க. ஆனா என்னைக்காச்சும் ஒரு நாள் சர்வர்கிட்ட போய்ப் பேச வேண்டி வரும். அது கைதட்டாதுங்க."

எங்கள் குடும்பத்தின் மிக நீண்ட பெயர் என் தாய்மாமனுடையது: திருஞானசம்பந்தமூர்த்தி. ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். உலாவியில் சிறிய கைப்பேசியின் அளவை வைத்துப் பார்த்தபோது அவர் பெயர் நடுவில் முறிந்து, 'மூர்த்தி' மட்டும் கீழே இறங்கி அவருடைய படத்தின் நெற்றியில் உட்கார்ந்தது. என் வாதம் மெய்ப்பிக்கப்பட்ட களிப்பில் அதை ஒரு பகல் முழுவதும் சரிசெய்தேன். பட்டறையில் கழுத்துப்பட்டை கட்டி விருது வாங்கியபோது எடுத்த படத்தையே போட்டேன். எண்களுக்கு, தீபாவளி வாழ்த்து அனுப்ப அம்மா வைத்திருந்த உறவினர் பட்டியல்.

அத்துடன் நின்றிருக்கலாம். ஆனால் மாதிரி வரிகள் வேண்டியிருந்தன. இரங்கலுரை எழுத எனக்கு அதுவரை யாரும் வாய்ப்பளித்ததில்லை. 'இரும்பை வளைத்த கரங்கள் இன்று மலர்களுக்கடியில் ஓய்வெடுக்கின்றன' என்று தொடங்கினேன். எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. மாமா அப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து காற்பந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மாமாவுக்கு நெஞ்சு வலி வந்தது. இரத்தக் குழாய்களில் அடைப்பு. திறந்துதான் சரிசெய்ய வேண்டும் என்றார்கள். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். அதே நாள் பிற்பகலில்தான் வாடிக்கையாளருக்கு இணையம் வழியே தளத்தைக் காட்ட வேண்டியிருந்தது. அன்று காலையிலாவது அந்தப் பெயரை மாற்றியிருக்கலாம். மாற்றினால் வரி உடைகிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும். மாற்றவில்லை.

மருத்துவமனையில் அறுவைக்கூடத்துக்கு வெளியே மாமாவின் மனைவியான அத்தையும் அம்மாவும் நானும் காத்திருந்தோம். மாமாவின் கண்ணாடி, கைக்கடிகாரம், பல்செட்டு ஆகியவற்றை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அத்தையிடம் கொடுத்திருந்தார்கள். அவர் அதை மடியில் வைத்து இரு கைகளாலும் பிடித்திருந்தார். நான் எதிர் இருக்கையில் மடிக்கணினியைத் திறந்து கடைசி ஒத்திகையில் இறங்கினேன். திரையில் சோதனைத் தளமும் நேரடித் தளமும் அருகருகே திறந்திருந்தன. பெயரை ஒட்டினேன். படத்தை ஏற்றினேன். எண்களை ஏற்றினேன். தேதியைத் தளம் தானாகவே இட்டுக்கொண்டது: இன்று. 'வெளியிடு' என்பதை அழுத்தினேன்.

அம்மாவின் கைப்பை ஒலித்தது. அடுத்து அத்தையின் கைப்பேசி. அடுத்து என் சட்டைப்பை. என் எண்ணும் அம்மாவின் பட்டியலில் இருந்தது.

அத்தை அன்று தன் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தார். பையைத் திறந்து மாமாவின் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு செய்தியைப் படித்தார். நான் எழுதிய இரங்கலுரையை முழுமையாகப் படித்த முதல் வாசகர் அவர்தான். படித்து முடித்து அறுவைக்கூடத்தின் கதவைப் பார்த்தார்.

"எனக்கு மொதல்ல வந்து சொல்லியிருக்கலாம்ல," என்றார் அந்தக் கதவிடம். "இங்கதானே உக்காந்திருக்கேன்."

என் வாழ்நாளில் அதைவிட எளிதாகப் பதிலளித்திருக்கக்கூடிய வாக்கியத்தை நான் சந்தித்ததில்லை. நானோ எழுந்து நின்று, "அத்தை, இதுல மூணு விஷயத்தைக் கவனிக்கணும். முதலாவதா..." என்று தொடங்கினேன்.

"வாய மூடுடா!" என்றார் அம்மா. அவர் என் திரையைப் பார்த்துவிட்டிருந்தார். "இவன்தான்... இவன்தான் அனுப்பியிருக்கான் அண்ணி. ஆபீஸ் வேலை. சும்மா எழுதிப் பாத்திருக்கான்."

அத்தை என் பக்கம் திரும்பினார். மாமாவின் கண்ணாடிக்குள் அவர் கண்கள் மிகப் பெரிதாகத் தெரிந்தன.

"சரி, நீ எழுதினதுதான். அப்போ மாமா இருக்காரா?"

நான் வாயைத் திறந்தேன்.

"சொல்லுடா. நீதான் எல்லாத்துக்கும் பேசுவியே. இருக்காரா இல்லையா?"

எத்தனையோ தலைப்புகளுக்கு இருபுறமும் பேசியவன் நான். இந்த ஒரு தலைப்புக்கு என்னிடம் சான்று இல்லை. கதவுக்குப் பின்னால் அவர் நெஞ்சு திறந்திருந்தது. அந்த நேரத்தில் அவர் இருக்கிறாரா என்பது எனக்கும் தெரியாது.

அம்மா ஓடிப்போய்த் தாதியைக் கேட்டார். தாதி கணினியைப் பார்த்துவிட்டு, "ஸ்டில் இன்சைட், ஆன்ட்டி. வெயிட் லா," என்றார். உண்மையில் அவர் சொல்லக்கூடியது அவ்வளவுதான். அத்தைக்கு அது போதவில்லை. என் அறிவிப்பில் தேதி இருந்தது, படம் இருந்தது, மலர்கள் இருந்தன. தாதியின் பதிலில் ஒன்றும் இல்லை.

நான் அறிவிப்பை நீக்கினேன். அதுவும் தவறாகப் போயிற்று. நீக்கிய பக்கத்தைத் தேடி வருபவர்களுக்குக் காட்டவென்று ஒரு வாசகத்தை முன்பே எழுதி வைத்திருந்தேன். வெறுமனே 'பக்கம் இல்லை' என்று போடுவது எனக்கு இழுக்காகப் பட்டிருந்தது. அத்தை மறுபடியும் செய்தியை அழுத்தினார். கறுப்புப் பின்னணியில் வந்தது: 'தாங்கள் தேடி வந்தது இப்போது நம்மிடையே இல்லை.'

அம்மா என் கையிலிருந்து மடிக்கணினியைப் பிடுங்கிக் கீழே வைத்தார்.

போன செய்திகளைத் திரும்ப அழைக்க வழியில்லை. பாசிர் ரிஸ்ஸிலிருந்து சித்தி அழைத்து, யாரையும் பேசவிடாமல் அழுதார். ஜொகூரில் இருந்தவர்கள் காரில் ஏறிவிட்டார்கள். மாமாவின் பட்டறை நண்பர்கள் மலர்வளையத்துக்குச் சொல்லிவிட்டார்கள். அதன்பின் என் கைப்பேசியில் எங்கள் வாடிக்கையாளரே வந்தார். தளத்தின் முதல் அறிவிப்பு அவர் திரையில் முறைப்படி பதிவாகியிருந்தது.

"தம்பி, சிஸ்டம் சூப்பரா வேலை செய்யுது. மொத கேஸே வந்துருச்சு. பாடி எந்த ஆஸ்பத்திரின்னு போடல. வண்டிய எங்க அனுப்பட்டும்?"

"வேண்டாங்க," என்றேன்.

"ஏன், வேற யாரையும் புக் பண்ணிட்டாங்களா?"

"இல்லைங்க. அவர் எங்க மாமா. இன்னும்..." என்று தொடங்கினேன். வாக்கியத்தை முடிக்கத் துணிவில்லை. அந்த வாக்கியம் அப்போது என் கையில் இல்லை.

ஒவ்வொரு உறவினருக்கும் நானே அழைத்துச் சொன்னேன். சொல்ல வேண்டியது ஒரே வரி: அது தவறு, மாமா ஆபரேஷனில் இருக்கிறார். எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "நல்லா இருக்காரா?" ஒவ்வொருவரிடமும் தெரியாது என்றேன். மேடையில் அந்தச் சொல்லை நான் உச்சரித்ததே இல்லை. அன்று அதைத் தவிர வேறொன்றும் உச்சரிக்கவில்லை.

அத்தை என்னோடு பேசவில்லை. மாமாவின் கண்ணாடியைக் கழற்றவும் இல்லை. அம்மா தேநீர் வாங்கி வந்தார். அது ஆடை படிந்து கிடந்தது. உள்ளே மாமா இறந்துவிட்டால் என் வரிகள் பொய்யாகாது, முன்கூட்டியே வந்தவையாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. அதன்பின் அத்தை என்னை வாழ்நாள் முழுதும் எப்படிப் பார்ப்பார் என்றும் தோன்றியது.

கதவு திறந்தது. மருத்துவர் முகக்கவசத்தைக் கீழே இறக்கி, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று ஆங்கிலத்தில் சொன்னார். அம்மா அழுதார். அத்தை நம்பவில்லை.

"நான் பாக்கணும்," என்றார். மருத்துவர் ஏதோ விளக்கத் தொடங்க, "விளக்கமெல்லாம் வேணாம் டாக்டர். பாக்கணும்," என்றார்.

விட்டார்கள். குழாய்களுக்கும் கருவிகளுக்கும் நடுவே மாமா கிடந்தார். அத்தை போர்வையை விலக்கி அவர் பாதத்தைப் பிடித்தார். வெகுநேரம் பிடித்தபடி நின்றார். வெளியே வந்து அம்மாவிடம், "கால் சூடா இருக்கு," என்று மட்டும் சொன்னார். அதன்பிறகே கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார்.

மாமா தேறி எழுந்து உட்கார்ந்ததும் முதலில் கேட்டது கஞ்சி; இரண்டாவது, அந்த அறிவிப்பு. சோதனைத் தளத்தில் மிச்சமிருந்த பிரதியைத் திறந்து கொடுத்தேன். இரும்பை வளைத்த கரங்களில் ஊசி குத்திய தழும்புகளோடு அதை மெதுவாகப் படித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கே. ஆனா நான் எங்கடா இரும்ப வளைச்சேன்? வளைக்கிறவங்களப் பாத்து கத்திக்கிட்டு இருந்தேன்." பிறகு ஓரமாக நின்ற அத்தையைப் பார்த்தார். "இவளப் பத்தி ஒரு வரிகூட இல்லையே. இவ்ளோ நீளத்துக்கு எழுதியிருக்கே."

உண்மை. வாதம் இல்லை. ஒரு வரிகூட இல்லை.

அலுவலகத்தில் என்னை வேலையிலிருந்து நீக்கவில்லை. வாடிக்கையாளர் பெரிய மனது பண்ணினார். இப்போது எங்கள் சோதனைத் தளங்கள் அனைத்தின் நெற்றியிலும் கையகலச் சிவப்புப் பட்டை இருக்கிறது. அது அழகாக இல்லை. நான் ஒரு சொல்லும் சொல்வதில்லை. உண்மையான நீளத்தில் பெயர் வேண்டும் என்ற என் இரண்டாவது வாதத்தைக் கவிதா மனமார ஏற்றுக்கொண்டார். அதன்படி, சோதனைக்காக இறப்பவன் நான். மாறன் என்பது குட்டையான பெயராக இருப்பதால் முன்னால் 'நாவன்மைமிக்க நற்றமிழ்ப் பேச்சாளர்' என்று சேர்த்திருக்கிறார். வாரத்துக்கு ஒருமுறையாவது காலமாகிறேன்.

குடும்பத்தில் யார் வீட்டு விசேஷத்திலும் நான் பேச எழுந்தால், "லைவ்வா, டெஸ்ட்டா?" என்று சித்தி கேட்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அத்தையும் சிரிப்பார், கடைசியாக.

ஆனால் நான் தொலைபேசியில் அழைத்தால் அத்தை இன்றுவரை என்னிடம் முதலில் பேசுவதில்லை. திரையில் என் பெயரைக் கண்டதும் கைப்பேசியை மாமாவிடம் நீட்டிவிடுவார். அவர் குளியலறையில் இருந்தால் கதவைத் தட்டிக் கூப்பிடுவார். நான் காதில் வைத்தபடி காத்திருப்பேன். தண்ணீர்க் குழாயை மூடும் ஓசை கேட்கும். பிறகு மாமாவின் குரல் வரும். 'ஹலோ' என்று அவர் சொல்வதில்லை.

"இருக்கேன்டா," என்பார்.