நாற்பது அடிக் கடலும் இருபது நிமிடமும்

இயேசு மரி சூசை துணை

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
12.3.1979

அன்பு மகள் சீலா அறிவது,

நானும் அம்மாவும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம். நீங்கள் மூவரும் கார்டிஃபில் சுகமென்று நீ அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் அறிந்தேன். நான் அதை வாசிக்கவில்லை. அம்மா சத்தமாக வாசித்தபோது பக்கத்துக் கதிரையில் இருந்தேன், அவ்வளவுதான். கத்தோலிக்கப் பிள்ளையாகிய நீ அந்த மெதடிஸ்தப் பொடியனைக் கட்டிய நாளிலிருந்து ஆறு வருடமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. அந்த முடிவில் இன்றும் மாற்றமில்லை. இது கடிதமல்ல, சுற்றுலாத் திட்டம். நீ அனுப்பிய இரண்டு விமான டிக்கற்றில் ஒன்றை நான் பாவிக்கப்போவது வேல்ஸ் நாட்டின் கடலையும் கோட்டைகளையும் பார்ப்பதற்கு மட்டுமே என்பதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

எல்லாம் தொடங்கியது நீ அனுப்பிய படத்தால். கார்டிஃபுக்குப் பக்கத்துப் பெனார்த் கடற்கரையில் நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற படம். அம்மா பிள்ளையின் மூக்கு யாருடையது என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் உனக்குப் பின்னால் இருந்த இறங்குதுறையின் தூண்களைப் பார்த்தேன். துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் வற்றுப்பெருக்கு அளவுகோல் வாசித்தவனின் கண் வேறெங்கே போகும்? உன் தலைக்கு மேலே, அதற்கும் வெகு மேலே, தூண்களில் பச்சைப் பாசி. பாசி பிடித்த இடம்வரை கடல் ஏறும். படத்தை யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மறுபடி பார்த்தேன்.

மகளே, இதை உனக்கு எப்படி விளக்குவது? இங்கே எங்கள் கடல் முழுக்க எழும்பினால் இரண்டு அடி. அதற்காக நான் காலை ஆறு மணிக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு அளவுகோல் முன்னால் நின்று, கொப்பியில் குறித்து, கையெழுத்து வைத்தேன். அந்த இரண்டடியைத்தான் கடலின் வல்லமை என்று நினைத்தேன். அங்கே நாற்பது அடி! ஒரு தென்னைமரம் காலையில் குருத்தோடு முழுகி, மத்தியானம் வேர் தெரிய நிற்கும். அதுவும் நாளுக்கு இரண்டு தரம், யாரும் கையெழுத்து வைக்காமலே. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆண்டவருடைய வேலையில் எவ்வளவு சின்ன மூலையைப் பார்த்துவிட்டு ஓய்வூதியம் எடுக்கிறேன் என்று வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

இன்னொரு வெட்கமும் உண்டு. ஐம்பத்தோராம் ஆண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்த வற்றுப்பெருக்குப் புத்தகத்தில் கார்டிஃபுக்கு நேரே 40 அடி என்று இருந்தது. அச்சுப்பிழை என்று முடிவுகட்டி, சிவப்பு மையால் 4.0 என்று திருத்தினேன். அதே கிழமை, நீராவிக் கப்பலில் கரி அள்ளிப்போட்டு உலகம் சுற்றிவந்த கிண்ணியா அலியார், “கார்டிஃபில தண்ணி வத்தினா கப்பல் சேத்தில குந்தியிருக்கும்” என்று சொல்ல, நான் திருத்திய புத்தகத்தையே விரித்துக் காட்டி எல்லோர் முன்னாலும் அவரைப் பொய்யனாக்கினேன். போன சனிக்கிழமை உன் படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிண்ணியாவுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். “இருவத்தெட்டு வருசம், பேணாட்! சரி, இரிங்க, தேத்தண்ணி குடிங்க” என்றார். பிறகு படத்தைப் பார்த்து, “இது ஆருட புள்ள?” என்று கேட்டார். “அங்கே இருந்த ஒரு பிள்ளை” என்றேன். அலியார் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “மூக்கு உங்கடதான்” என்றார்.

இதைவிடக் கொழும்பில் நடந்தது மோசம். நுழைவு அனுமதி கொடுக்கும் அதிகாரி மிக மரியாதையாக, கார்டிஃபில் உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். யாருமில்லை, கடல் பார்க்கப் போகிறேன் என்றேன். மறுபடி கேட்டார், மறுபடி சொன்னேன். மூன்றாம் தரமும் நான் அதையே சொல்ல, மனிதர் பேனையைக் கீழே வைத்துவிட்டார். அப்போது அம்மா கதிரையை முன்னுக்கு இழுத்து, “சேர், எங்களுக்கு ஒரேயொரு மகள். அங்கதான் நேர்ஸா இருக்கிறாள். ரெண்டு வயசுப் பேத்தியை இந்த மனுசன் இன்னும் கண்ணால காணேல்லை” என்று தமிழிலேயே சொல்லி அழுதார். மொழிபெயர்ப்பவர் வாய் திறக்குமுன் முத்திரை விழுந்தது. படியிறங்கும்போது அம்மா, “மூண்டு தரம் இல்லையெண்டு சொல்லிப்போட்டியள். கொழும்பில சேவல் கூவேல்லை, அதால தப்பினியள்” என்றார். சேவல் கூவுமுன் ஆண்டவரையே மூன்று தரம் தெரியாதென்ற இராயப்பருக்கே அப்படி நடந்ததுதானே என்று சொல்லிப்பார்த்தேன். எடுபடவில்லை.

இனித் திட்டம். மொத்தம் பதினாலு நாள். விடுதியில் தங்குவோம், உங்களுக்குத் தொந்தரவு வேண்டாம். கடல் வற்றும் நேரமெல்லாம் கடற்கரை. கடல் நிறைந்தபின் அங்கே பார்க்க ஒன்றுமில்லையாதலால் அப்போது கோட்டைகள்: நகர நடுவில் உள்ளது ஒன்று, கேர்ஃபிலியில் சரிந்த கோபுரத்தோடு நிற்பது மற்றது. இங்கே பக்கத்தூர் சல்லி போல, சல்லி என்றே அங்கும் ஒரு தீவு இருக்கிறதாம். வற்றுக்கு நடந்து போகலாம், நேரத்துக்குத் திரும்பாவிட்டால் இராத்தங்கல்தான். மலைப்பக்கம் மூலைக்கு மூலை மெதடிஸ்தக் கோயில் என்று நூலகப் புத்தகம் சொல்கிறது. அவற்றை வாகனத்தை நிறுத்தாமல் பார்ப்போம். சந்திரனோடு சேர்ந்து வற்றும் நாளுக்கு ஐம்பது நிமிடம் பிந்துவதால் சாப்பாடும் பிந்தும். முதல் நாள் மத்தியானச் சாப்பாடு ஒரு மணிக்கு, எட்டாம் நாள் பின்னேரம் ஆறு ஐம்பதுக்கு. “உங்கட சந்திரனுக்குப் பின்னால பசியோட திரிய எனக்கு ஏலாது” என்று அம்மா சொல்லிவிட்டார். ஒன்பதாம் நாள் நாலு பத்து முதல் நாலரை வரை உங்கள் வீடு. நீ செய்யவேண்டியது, சல்லித் தீவுப் பக்கம் போகும் பஸ்களின் நேரத்தை எழுதி அனுப்புவது மட்டுமே.

எங்கள் கோயில் குவாடலூப்பே மாதா உங்களைக் காப்பாராக. உங்களை என்றதில் யார் யார் அடங்குவர் என்பதை மாதாவே தீர்மானிக்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா
ம. பேணாட்
ஓய்வுபெற்ற வற்றுப்பெருக்கு அவதானிப்பாளர்

பி.கு: உறையை ஒட்டுமுன் அம்மா இதை வாசித்தார். சண்டைக்கு வருவார் என்று பார்த்தேன், வரவில்லை. “அந்த இருவது நிமிசமும் பிள்ளை நித்திரையா இருந்தா என்ன செய்வியள்?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் குசினிக்குப் போய்விட்டார். ஒரு மணித்தியாலமாகப் புத்தகங்களைப் புரட்டிவிட்டேன். என்னிடமுள்ள எந்தப் புத்தகத்திலும் இதற்கு விடையில்லை. ஆகவே மேலே எழுதிய எல்லாவற்றையும் வெட்டிவிடு, விடுதியையும் சேர்த்து. பிள்ளை எத்தனை மணிக்கு எழும்பும், எப்போது சாப்பிடும், எப்போது நித்திரை கொள்ளும் என்று ஏழு நாளுக்கும் குறித்து அனுப்பவேண்டும். அதை வைத்துத்தான் புதுத் திட்டம். நீ இரவு வேலைக்குப் போனால் பிள்ளையை நித்திரையாக்குவது கிறிஸ்தோபர்தான் என்று உன் கடிதத்தில் இருந்தது. அப்படியானால் நேரம் சரியாகத் தெரிந்தவர் அவரே. மருமகனையே எனக்கு நேரே எழுதச் சொல். பதில் போடுவேன்.