குறையாத மல்லாட்டைக் குவியல்

"இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள முடிஞ்சிடும்ண்ணே" என்றாள் பாஞ்சாலி, முறத்திலிருந்த பருப்பைப் புடைத்துக்கொண்டே.

நல்ல சேதிதான். ஆனி பிறந்துவிட்டது. ஒரு மழை விழுந்தால் ஏர் பூட்ட வேண்டும். அதற்குள் விதைக்கான மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, உடைத்து முடித்தாயிற்று என்றால் எந்தக் குடியானவனுக்கும் நெஞ்சு குளிரும். துரைக்கண்ணுவுக்கு மட்டும் நெஞ்சில் ஏதோ கழன்று விழுந்தது.

"என்னா அவசரம்? நிதானமா ஒடைங்க. பருப்பு மேல தோல் கிழிஞ்சா மொளைக்காது."

"கிழிஞ்சது ஒண்ணு காட்டுங்க, பார்க்கலாம்" என்றாள் வீரம்மாள், குனிந்த தலை நிமிராமல்.

துரைக்கண்ணு காட்டவில்லை. கிழிந்தது ஒன்றும் இல்லை.

திண்டிவனத்தை ஒட்டிய பிரம்மதேசம் கிராமத்தில் அவருடையது பெரிய வீடு. மனைவி போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. மகள் செண்பகம் இருந்தவரை குறை தெரியவில்லை. தை மாதம் அவளை விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் பல்லி சொல்வதுதான் பேச்சு. சோறு வடித்தால் இரண்டு வேளைக்கு மிஞ்சியது. பேச ஆளில்லாமல் அவர் காளைகளோடு பேசிப் பார்த்தார். ஒன்று காதை ஆட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்கும். மற்றது முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அப்புறம்தான் மல்லாட்டை உடைக்க இந்த மூன்று பெண்களும் வந்தார்கள். அடுத்த தெருப் பாஞ்சாலிக்கு வாய் ஓயாது. கெங்கம்மாளுக்குக் காது மந்தம். அதனால் எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். அதுவும் துரைக்கண்ணுவுக்கு லாபமாகவே பட்டது. மூன்றாமவள் வீரம்மாள். அவள் புருஷன் பினாங்குக்குக் கப்பலேறிப் போனான். பல வருஷம் கழித்து அவன் செத்த சேதி மட்டும் வந்தது. தெருக்கோடி வீட்டில் தனியாக இருந்துகொண்டு, ஒரு துண்டுச் செம்மண் கொல்லையில் கேப்பையும் மல்லாட்டையும் போட்டுப் பாடுபட்டாள். தினமும் அவள்தான் முதலில் வருவாள், கஞ்சிச் சட்டியை முந்தானைக்குள் பிள்ளையைப் போல அணைத்துக்கொண்டு.

பாஞ்சாலி அவரை "அண்ணே" என்பாள். கெங்கம்மாள் "தம்பி" என்பாள். வீரம்மாள் மட்டும் அவரை எந்த முறையும் வைத்துக் கூப்பிட்டதில்லை. வெறும் 'ங்க'தான்.

உடைக்கிறவர்கள் விதையைத் தின்னாமல் இருக்க அவர் தனியாக ஒரு படி வறுத்து, வெல்லத்தோடு நடுவில் வைப்பார். வெல்லம் இல்லாமல் தின்றால் பித்தம்; சேர்த்துத் தின்றால் உடம்புக்குப் பலம் என்பது அவர் மனைவி சொல்லிக்கொண்டிருந்தது. வறுக்கப் பழகியதில் முதல் இரண்டு நாள் கரியைத்தான் வைத்தார். வீரம்மாள் அதையும் தின்றாள்.

"இந்த மல்லாட்டை நம்ம நாட்டுதே கெடையாது, தெரியுமா?" என்பார் அவர். "எங்கியோ சமுத்திரத்துக்கு அந்தாண்ட இருந்து, மொரீசு தீவு வழியா கப்பல்ல வந்தது."

"கப்பல்ல வந்ததா? அதுக்கு முன்னாடி நம்மூரு எலிங்க என்னாத்தத் தின்னுச்சாம்?" என்பாள் பாஞ்சாலி.

"என்னாது, எலி கப்பல்ல வந்துச்சா?" என்பாள் கெங்கம்மாள்.

எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு ஒருநாள் வீரம்மாள் மெதுவாகச் சொன்னாள்: "கப்பல்ல மல்லாட்டைதான் வருது. மனுசங்க வர்றதில்ல."

அந்தக் குரல் இன்று சாயங்காலத்தோடு எழுந்து போய்விடும்.

மத்தியானம் மூவரும் கிணற்றடியில் கஞ்சி குடிக்கப் போனார்கள். துரைக்கண்ணு அறைக்குள் போய், எண்ணெய்க்கென்று வைத்திருந்த ஒரு மூட்டையை அவிழ்த்துக் குவியலில் கொட்டினார். மேல்துண்டால் தூசியைத் துடைத்துவிட்டு, ஒன்றும் அறியாதவர்போல மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

"இது என்னாண்ணே, ஒடைக்க ஒடைக்க ஊறுது!" என்றாள் பாஞ்சாலி திரும்பி வந்ததும்.

"கஞ்சி குடிச்சுட்டு வந்து பார்த்தா அப்படித்தான் தெரியும்" என்றார் துரைக்கண்ணு.

மறுநாளும் ஒரு மூட்டை இறங்கியது. அதற்கு மறுநாளும். எண்ணெய் மூட்டைகள் தீர்ந்தன. அதோடு, யோசிக்காத ஒரு சங்கடமும் வந்தது: உடைத்த பருப்பு கூடம் நிறைய ஏறிக்கொண்டே போயிற்று. உடைத்த மல்லாட்டையை வைத்திருக்க முடியாது. வண்டு விழும், முளைப்பும் கெடும்.

"இருக்கற கொல்லைக்கு இது ரொம்ப அதிகம்ண்ணே. இம்மாம் வெதையை எங்க போடப் போறீங்க?"

வாயில் வந்ததைச் சொன்னார். "நம்ம வெங்கடாசலத்தோட மேட்டுக் கொல்லை சும்மாதானே கெடக்குது? குத்தகைக்கு எடுக்கலாம்னு ஒரு யோசனை."

யோசனையைப் பாஞ்சாலியிடம் சொன்னால் அது யோசனையாகவே இருக்குமா? மறுநாள் காலையில் வெங்கடாசலம் வெற்றிலை பாக்குத் தட்டோடு வாசலில் நின்றார். அவருடைய மேட்டுக் கொல்லையில் கல்லும் கள்ளியும் மட்டுமே அமோகமாய் விளையும்.

"கொல்லையை எடுத்துக்கறீங்கன்னு ஊரே சொல்லுதே! சந்தோஷம்ங்க. மல்லாட்டை போடுங்க, மண்ணு தன்னால பக்குவப்படும். அடுத்த போகம் கேப்பை போட்டா கதிர் தலை சாயும், பாருங்க."

"மண்ணு இருந்தாத்தானே பக்குவப்படும்?" என்று கேட்க நினைத்தார் துரைக்கண்ணு. உள்ளே மூன்று பெண்களும் உடைப்பதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்திருந்தார்கள். தட்டை வாங்கிக்கொண்டார்.

ஒரு நன்மை, இனிக் குவியலில் கொட்டுவதற்குக் காரணம் இருந்தது. கொட்டத்தான் மல்லாட்டை இல்லை. வண்டி பூட்டித் திண்டிவனம் போனார்.

மண்டிக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எல்லாரும் மூட்டையை இங்க கொண்டாந்து போடுவாங்க. நீங்க இங்கிருந்து ஏத்திக்கினு போறீங்களே! சீமையில சண்டை வரும்னு பேசிக்கறாங்களே, அதுக்குப் பதுக்கறீங்களா?"

"ஆமா" என்றார் துரைக்கண்ணு, பேச்சை முடிக்க.

பேச்சு முடியவில்லை. ரயிலேறி விழுப்புரம் போயிற்று. போகும் வழியில், துரைக்கண்ணு மல்லாட்டை பதுக்குகிறார் என்பதோடு, கள்ளிக்காட்டை வாங்கிவிட்டார், புத்தி பேதலித்துவிட்டது, இரண்டாம் கல்யாணம் பண்ணப் போகிறார் என்று மூன்று சேதிகள் கூடச் சேர்ந்துகொண்டன.

இதற்குள் குவியலில் புதிதாக ஒன்று அவர் கண்ணில் பட்டது. பெரிய பெரிய மொரீசுக் காய்களுக்கு நடுவே, நீளமாய், மூன்று பருப்பு வைத்து, உள்ளே குங்குமச் சிவப்பாய்ச் சில காய்கள்.

"இது என்னா, செவப்புக் காய்?"

"மண்டிக்காரன் கலந்திருப்பான்" என்றாள் வீரம்மாள், குனிந்தபடியே.

பாஞ்சாலிக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது.

மறுநாள் மருமகன் சீனுவாசன் வந்து இறங்கினான். விழுப்புரம் ஜங்ஷனில் சரக்குக் குமாஸ்தா. மூட்டை எண்ணுவதே அவன் பிழைப்பு.

"செண்பகத்துக்கு மசக்கை. அதான் அவ வரல. என்னை ஜல்தியா போயி உங்களைப் பாத்துட்டு வரச் சொன்னா." அவன் அறைக்குள் ஒரு சுற்றுப் பார்த்தான். "தையில நான் வந்தப்ப எண்ணெய்க்குன்னு மூட்டை அடுக்கியிருந்தீங்களே மாமா, எங்க?"

துரைக்கண்ணு வாயைத் திறந்தார். மகள் உண்டாகியிருக்கிறாள் என்ற சந்தோஷம் ஒரு பக்கம். 'பேச்சுத் துணைக்காகக் குவியலில் கொட்டிவிட்டேன் மாப்ள' என்று ஒரு மாமனார் எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டார்.

அந்த மௌனத்துக்குச் சீனுவாசன் அவனாகவே ஒரு கணக்குப் போட்டுவிட்டான்.

சாயங்காலம் பெண்கள் புறப்பட்டபோது வாசற்படியில் குறுக்கே நின்றான். "மடியை ஒதறிட்டுப் போங்க."

மல்லாட்டை உடைக்கிற வீட்டில் இது ஊர் வழக்கம்தான். ஆனால் துரைக்கண்ணு வீட்டில் யாரும் கேட்டதில்லை. கெங்கம்மாள் உதறினாள், சுருக்குப்பை விழுந்தது. பாஞ்சாலி உதறினாள், ஒரு துண்டு வெல்லம் விழுந்தது. "இது எம் பொண்ணுக்கு, அண்ணனே குடுத்தது" என்று எடுத்துச் செருகிக்கொண்டாள். வீரம்மாள் உதறினாள். கொஞ்சம் சிவந்த தூசி பறந்தது.

"இது என்னா?"

"தூசி. மல்லாட்டை ஒடைக்கற எடத்துல தூசி ஒட்டாம பூவா ஒட்டும்?" என்றாள் வீரம்மாள். துரைக்கண்ணு நின்ற பக்கம் அவள் திரும்பவில்லை. "நாளையிலேருந்து நான் வரலீங்க."

அவள் படியிறங்கினாள்.

"நில்லு வீரம்மா!"

இத்தனை நாளில் அவர் அவள் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவருக்கே அது யாரோ சொன்னது போலிருந்தது.

"மாப்ள, எவளும் எதையும் எடுக்கல. மூட்டையை நாந்தான் கொட்டினேன். இவங்க கஞ்சி குடிக்கப் போற நேரமாப் பாத்து, குவியல்ல கொட்டிக்கினே இருந்தேன்."

"ஏன் மாமா?"

"ஒடைச்சு முடிச்சா எழுந்து போயிடுவாங்க. அப்புறம் இந்த வூட்ல எனக்குப் பேச ரெண்டு மாடுதான் இருக்குது. அதுலயும் ஒண்ணு மூஞ்சியத் திருப்பிக்குது."

வீரம்மாள் படியில் நின்றபடியே இருந்தாள்.

"தம்பி என்னா சொல்லுது?" என்றாள் கெங்கம்மாள்.

"மாடு பேசமாட்டேங்குதாம்!" என்று அவள் காதில் கத்தினாள் பாஞ்சாலி.

"மாடு என்னிக்குடி பேசுச்சு?"

சீனுவாசனுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. ஆனால் மூட்டை எண்ணிய புத்தி சும்மா இருக்குமா? உள்ளே போய்க் குவியலையும் பருப்பையும் இன்னொரு முறை பார்த்துவிட்டு, குழம்பிய முகத்தோடு திரும்பினான்.

"இதுவும் பேஜாராத்தான் இருக்குது மாமா. நீங்க கொட்டினதையெல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் கணக்கு இடிக்குது. குறையல, கூட இருக்குது!" அவன் உள்ளங்கையில் ஒரு பிடிச் சிவப்புக் காய். "இன்னும் அவிழ்க்காத மண்டி மூட்டையைப் பிரிச்சுப் பார்த்தேன். அதுல இந்தச் செவப்புக் காய் ஒண்ணுகூடக் கெடையாது. உங்க கொல்லையிலயும் இது விளையறதில்ல. அப்ப இது எப்படி வந்தது?"

வீரம்மாள் முன்பே உதறிவிட்ட மடியைக் குனிந்து இன்னொரு தடவை உதறினாள்.

பாஞ்சாலி இத்தனை நாள் அடக்கிவைத்திருந்த சிரிப்பை அவிழ்த்துவிட்டாள்.

"போறப்ப மடியைப் பாத்து என்னா பிரயோஜனம் மாப்ள? வீரம்மா காலைல வர்றப்ப இல்ல பாத்திருக்கணும்!"