போல்ட் போடச் சொல்லுங்கள், காக்கா

பட்டுக்கோட்டை,
வியாழக்கிழமை

அன்பும் மரியாதையும் நிறைந்த ஜாஃபர் காக்கா அவர்களுக்கு, தங்கை ஹமீதா பானு எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். அங்கே மச்சியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். ஷார்ஜாவில் உங்கள் பேரிங் கடை நன்றாக நடக்கட்டும், வியாபாரத்தில் பரக்கத் உண்டாகட்டும். ஆனால் அந்தக் கடையிலிருந்து எங்கள் வீட்டுக்கு இனிமேல் ஒரு சாமானும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தக் காலத்தில் என்ன கடிதம் என்று கேட்பீர்கள். போனில் சொல்லலாம் என்றால் என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே இருக்கிறார். வாட்ஸ்அப்பில் எழுதினால் என் போனை எடுத்து அவரே படித்துவிடுவார். குடும்பக் குழுவில் போட்டால் அதிராம்பட்டினத்தில் ஆரம்பித்து அபுதாபி வரைக்கும் எல்லா வீட்டிலும் இன்றைக்கு அதுதான் பேச்சு. ஆகவே நாளை ஷார்ஜாவுக்குப் புறப்படும் நம் ஜெக்கரியா கையில் கொடுத்தனுப்பும் அல்வாவுக்கு அடியில் வைத்து அனுப்புகிறேன். அல்வா மச்சிக்கு. கடிதம் உங்களுக்கு.

உங்கள் மச்சான் கொப்பரை குடோனில் விமானம் கட்டுவது உங்களுக்குத் தெரிந்ததுதான். வளைகுடாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் வீடு கட்டுவார்கள், கடை கட்டுவார்கள், கொஞ்சம் வசதி இருந்தால் கல்யாண மண்டபம் கட்டுவார்கள். இவர் அங்கே அத்தனை வருஷம் அடுத்தவர் விமானத்துக்கு நட்டு முடுக்கிவிட்டு, லீவு நாளில் பறக்கவும் படித்துவிட்டு வந்தார் அல்லவா, அதனால் இவருக்கு இது. ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால் "நெய்னா, டிக்கெட் எவ்வளவு?" என்று இவரைக் கேட்கிறார்கள். வயல்காரர்கள் இதை மருந்து தெளிக்கிற மெஷின் என்று நினைத்துக்கொண்டு, குறுவைக்கு எங்களுக்கு முதலில் தெளித்துக் கொடுங்கள் பாய் என்று இடம் பிடித்துவைக்கிறார்கள். அவர் யாருக்கும் மறுப்பு சொல்வதில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை. சிறகுக்குத் துணி உறை தைத்துக் கொடுத்தது நான்தான், அதை மறைக்கவில்லை. தலையணை உறை மாதிரிதான், கொஞ்சம் நீளம். டெல்லியிலிருந்து அனுமதி வந்தால் பறக்கட்டும், வராவிட்டால் குடோனில் நிற்கட்டும் என்று பேசாமல் இருந்தேன். நீங்கள் பசை அனுப்பும்வரை.

அந்தப் பாட்டிலைப் பிரித்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை. பாதிதான் இருந்தது. கடைக்காரர் தங்கைக்கே பாதி பாட்டிலா என்று நான் கேட்டதற்கு, உள்ளே காற்று இருந்தால்தான் அது கெடாமல் இருக்கும், அதனால் கம்பெனிக்காரனே பாதிதான் ஊற்றுவான் என்றார் உங்கள் மச்சான். மனிதர் அதை நம்பிவிட்டார். பிறகு அது காற்றில் காயாது, இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே மாட்டினால்தான் இறுகும் என்று ஏதோ விளக்கினார். நான் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் தெறிக்கிற நேரத்தில் யார் விளக்கம் கேட்பார்கள்?

இதை எங்கே போடப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். அங்கேதான் என் தூக்கம் போனது. விமானம் ஓட்டுகிறவர் கையில் பிடிக்கிற ஸ்டிக் இருக்கிறதே, இழுத்தால் மூக்கு ஏறும், தள்ளினால் இறங்கும், அந்த ஸ்டிக்கின் அடிக்குழாய் இன்னொரு குழாய்க்குள் போய் உட்காருகிறது. அந்த இடத்தில் வெல்டிங் கிடையாது, மெல்லிய குழாய் நெளிந்துவிடுமாம். போல்ட் கிடையாது, துளை போட்டால் பலம் குறையுமாம். உங்கள் பசை மட்டும்தான். இது விட்டுவிட்டால் ஸ்டிக் அவர் கையில் இருக்கும், விமானம் அதுபாட்டுக்குப் போகும். எங்கள் வீட்டு அம்மிக்கல்லையே தட்டிப்பார்த்து வாங்குகிறவள் நான். உயிரைக் கொண்டுபோய் ஒரு சொட்டுப் பசையில் ஒட்டுவதா?

சரி, அந்தப் பசையின் யோக்கியதையைப் பார்த்துவிடலாம் என்று பீங்கான் தட்டில் இரண்டு சொட்டு விட்டுவைத்தேன். மறுநாள் காலையில் அப்படியே இருந்தது. மாலையிலும் இருந்தது. விரலால் தொட்டால் வழவழவென்று எண்ணெய். ஒட்டுவதாவது! காக்காவை யாரோ நன்றாக ஏமாற்றிவிட்டார்கள், அவர் நம்மை ஏமாற்றிவிட்டார் என்று முடிவு செய்தேன். காசு கொடுத்து வாங்கிய எண்ணெயை எதற்கு வீணாக்க வேண்டும்? என் தையல் மிஷினுக்கு எண்ணெய் தீர்ந்துபோயிருந்தது. பசைப் பாட்டிலுக்கும் எண்ணெய் டப்பா மாதிரியே மூக்கு. வலது சிறகு உறை வேறு பாதியில் நின்றது. மிஷினைப் பிரித்து, பழைய பிசுக்கெல்லாம் போக வெள்ளைப் பெட்ரோல் போட்டுத் துடைத்து, வெயிலில் காயவைத்து, எங்கெங்கே இரும்பும் இரும்பும் உரசுமோ அங்கெல்லாம் பார்த்துப் பார்த்து விட்டேன். பசை நன்றாகப் பிடிப்பதற்கு என்னென்ன செய்ய வேண்டுமோ அத்தனையும் நான் முறைப்படி செய்திருக்கிறேன் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

துணியை வைத்து ஊசியை அதில் இறக்கிவிட்டு, சமையலை முடித்து, லுஹர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்து மிதித்தேன். சக்கரம் அசையவில்லை. கையால் சுற்றினேன். மகள் ஷமீராவைக் கூப்பிட்டேன், இரண்டு பேரும் தொங்கினோம். மிஷின் மேசையோடு தூக்கிக்கொண்டு வருகிறதே தவிர சக்கரம் சுற்றவில்லை. ஊசி துணிக்குள் குத்தியபடி நிற்கிறது, துணி வெளியே வரவில்லை. மிஷின் ரிப்பேர் பார்க்கிற வைரக்கண்ணுக்குப் போன் போட்டு வரவழைத்தோம். அவரும் முதலில் கையால் சுற்றினார், பிறகு காலை முட்டுக்கொடுத்துச் சுற்றினார், கடைசியில் ஸ்பேனர் போட்டு முறுக்கினார். ஒரு ஸ்க்ரூவின் தலைதான் கையோடு வந்தது.

"என்னக்கா ஊத்துனீங்க இதுல?"

"எண்ணெய்தான்."

"இது எண்ணெய் இல்லக்கா. வெல்டிங் வச்ச மாதிரில்ல இருக்கு!"

இந்த நேரம் பார்த்தா உங்கள் மச்சான் உள்ளே வர வேண்டும்? வெல்டிங் என்ற சொல் காதில் விழுந்ததும் மனிதருக்கு முகமெல்லாம் பல். "கேட்டியா ஹமீதா, கேட்டியா! மெக்கானிக் வாயால சொல்றாரு பாரு!" என்று வைரக்கண்ணின் கையைப் பிடித்துக் குலுக்குகிறார். என் கல்யாணத்துக்கு வாப்பா வாங்கிக் கொடுத்த மிஷின் காக்கா அது. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாலு பக்கமும் நின்று படம் எடுத்து உங்களுக்கு அனுப்பினார். நீங்களும் சிரிக்கிற முகம் போட்டுப் பதில் அனுப்பினீர்களாம். அதை என்னிடம் காட்டினார். நான் மறக்க மாட்டேன்.

மிஷினை எப்படியாவது பிரித்துக் கொடுங்கள் என்று நான் சத்தம் போட்டபிறகு, குடோனிலிருந்து நெருப்பு ஊதுகிற சாமானைக் கொண்டுவந்தார். ஷமீரா துணியை ஊசியைச் சுற்றிக் கத்தரித்து எடுத்துவிட்டாள், சிறகில் இப்போது ஒரு ஒட்டு இருக்கிறது. அவர் பொறுமையாகச் சூடு காட்டினார். புகை வந்தது, ஒரு மாதிரி நாற்றம் வந்தது. வைரக்கண்ணு துணியைச் சுற்றிக்கொண்டு சக்கரத்தைத் தொட்டார். ஒரு விரலால் சுற்றினார், சுற்றியது.

"வந்துருச்சுக்கா!" என்றார்.

எல்லோருக்கும் சந்தோஷம். நான் மட்டும் அந்த நெருப்பு ஊதியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, அப்ப சூடு பட்டா இது விட்டுருமா?"

"சும்மா சூட்டுக்கெல்லாம் விடாது. நல்லா சூடேறணும். இந்த மாதிரி நெருப்பு வச்சாதான்."

"உங்க ஸ்டிக்குக்குக் கீழ ஒரு குழாய் போகுதே, எஞ்சின்லேருந்து. அது என்ன குழாய்?"

அது புகைக்குழாய். எனக்கு எப்படித் தெரியும் என்றால், சிறகுக்கு அளவெடுக்கப் போனபோது அதில் முந்தானை மாட்டிக் கிழிந்தது. எஞ்சினை ஓட்டிப்பார்த்த அன்று அதைத் தொடாதே, பழுத்துப்போயிருக்கும் என்று கத்தியவர் அவர்தான். ஸ்டிக்கின் அடிக்கும் அந்தக் குழாய்க்கும் நடுவில் என் கையால் ஒரு சாண்கூட இருக்காது. அவர் நெருப்பு ஊதியை அணைத்தார். பிறகு சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டு குடோனுக்குப் போய்விட்டார். ஆக, ஒரே மிஷினில் அவர் கட்சியும் ஜெயித்தது, என் கட்சியும் ஜெயித்தது.

அன்றிலிருந்து ஒரே வாக்குவாதம். நடுவில் தகடு வைத்து மறைக்கிறேன் என்கிறார். வையுங்கள், கூடவே ஒரு போல்ட்டும் போடுங்கள் என்கிறேன். துளை போட்டால் பலம் குறையும் என்கிறார். எவ்வளவு குறையும் என்று கேட்டால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வந்து, குறையும் என்று மறுபடியும் சொல்கிறார். கடைசியில் நேற்று, "ஒங்க காக்கா பேரிங் விக்கிறவரு, பசை விக்கிறவரு. அவரைக் கேப்போம். அவரு போடுன்னா போடுறேன், வேணாம்னா வேணாம். சரியா?" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது?

ஆகவே காக்கா, அவர் போனில் கேட்கும்போது நீங்கள் யோசிக்கவே கூடாது, "போல்ட் போடுங்க மச்சான்" என்று சொல்ல வேண்டும். காரணம் நீங்களே ஏதாவது கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். நான் எழுதினேன் என்று வாயைத் திறக்க வேண்டாம். உங்கள் பசை நல்ல பசைதான், ஒத்துக்கொள்கிறேன், அதற்கு என் மிஷினே சாட்சி. ஆனால் நீங்கள் விற்கிற ஆள். இதெல்லாம் போதும், ரொம்ப கெட்டி என்று வியாபாரப் பழக்கத்தில் சொல்லிவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. போல்ட் இல்லாமல் அவர் மேலே போவதென்றால் அந்த விமானத்தையே விற்றுவிடச் சொல்லுங்கள், அல்லது வயல்காரர்களுக்கே கொடுத்துவிடச் சொல்லுங்கள். சிறகு உறையை நான் பிரித்துத் தலையணைக்குப் போட்டுக்கொள்கிறேன். பறக்கிற நாளில் வந்து பார்க்கிறேன் என்று லீவு கேட்டுக்கொண்டிருக்கிறீர்களாமே, அதெல்லாம் ஒன்றும் வேண்டாம். பார்க்க என்ன இருக்கிறது?

மச்சிக்கு என் ஸலாம் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு என் துஆ. உங்கள் கால்வலிக்கு ஷமீரா தைலம் வைத்திருக்கிறாள், அதுவும் அல்வாவோடு வருகிறது. அல்லாஹ் உங்கள் எல்லோரையும் நல்லபடியாக வைப்பானாக.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தங்கை
ஹமீதா பானு

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது அவர் குடோனிலிருந்து வந்தார். சட்டையெல்லாம் இரும்புத்தூள். வா என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். துளை போட்டு போல்ட்டை மாட்டிவிட்டிருக்கிறார். புகைக்குழாயையும் அறுத்து, ஸ்டிக்கை விட்டு மறுபக்கமாகத் திருப்பிவிட்டிருக்கிறார். "காக்காவைக் கேக்கலியா?" என்றேன். "கேட்டு, அவரு வேணாம்னு சொல்லிட்டா? அப்புறம் நீ எப்படித் தூங்குவே?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆகவே மேலே எழுதியபடி நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். அவரே கேட்டாலும் போல்ட் தேவையில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இன்னொன்று. ஒருவர் முடுக்கிய நட்டை வேறொருவர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும் என்பது விமான வேலையில் வழக்கமாம். என்னையே ஸ்பேனர் போட்டுப் பார்க்கச் சொன்னார், ஷமீராவின் நகப்பாலிஷை எடுத்து நட்டின் மேலும் குழாயின் மேலும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு போடச் சொன்னார். கோடு உடைந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். கோடு நான் போட்டது, அதனால் இனி அது என் பொறுப்பு. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால்தான் அந்தக் கோடு தெரியும். அந்த விமானத்தில் இரண்டு இருக்கை உண்டு என்பதை உங்களுக்கு மேலே எழுதவில்லை. மறதி இல்லை, வேண்டுமென்றுதான் எழுதவில்லை. இப்போது அதில் நான் உட்காருவதாகச் சொல்லிவிட்டேன். ஆனால் முதல் சில தடவை அவர் தனியாகத்தான் பறக்க வேண்டுமாம், சட்டமாம். அந்தச் சில தடவை நான் கீழே நிற்க வேண்டும். அதை என்னால் தனியாகச் செய்ய முடியாது காக்கா. லீவு போட்டுவிட்டு வாருங்கள்.