முக்கால் சொல்லாத முடிவு

கற்பிட்டிப் பக்கத்தில் எங்கள் வயதில் நாவல் வாசித்துக் கெட்டுப்போனவர்கள் யாராக இருந்தாலும், விசாரித்துப் பார்த்தால் வழக்கு ஒரேயொருத்தியின் வாசலில்தான் போய் நிற்கும். அவளுக்கும் உம்மா வாப்பா ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. காலையில் இடாப்புக் கூப்பிடும்போது ஆசிரியை அதைச் சொல்வார். யாரது என்று நாங்கள் திரும்பிப் பார்ப்போம். எங்களுக்கு அவள் முக்கால்.

எந்தக் கதையையும் முக்கால்வாசி சொல்லி நிறுத்துவாள். அதனால் முக்கால். மற்றவர்கள் ஒரு நாவலைச் சிபாரிசு செய்வதென்றால் "நல்ல புத்தகம், வாசி" என்பார்கள். முக்காலுக்கு அந்தப் பலவீனமான வேலையெல்லாம் சரிவராது. பக்கத்தில் வந்து குந்துவாள். தன் மாமி வீட்டில் நேற்று நடந்த விஷயம் போல ஆரம்பிப்பாள். அழவேண்டிய இடத்தில் அழுவாள். கதாநாயகியின் மாமியார் வரும்போது குரலை மாற்றி எங்களை ஏசுவாள். கதவு தட்டப்பட்டு, யாரோ திறக்கப் போகும் அந்த நேரம் பார்த்து எழும்பி, உடுப்பைத் தட்டிவிட்டு, "மிச்சம் புத்தகத்துல ஈக்கிது" என்று போய்விடுவாள்.

எழுத்தைக் கண்டாலே கொட்டாவி விடும் பர்ஹானாகூட அதில் மாட்டினாள். பர்ஹானா எங்கள் வலைப்பந்து அணியின் தலைவி. பந்தைத் தவிர எதையும் இரண்டு கையால் பிடித்தறியாதவள். அவள் ஒரு நாவலை வாங்கிப்போய் ஒரே மூச்சில் வாசித்தாள். மறுநாள் பாடசாலை வாசலிலேயே முக்காலை மறித்துக்கொண்டாள்.

"எங்கடி மிச்சம்?"

"என்ன மிச்சம்?"

"கடசித் தாளெல்லாம் கிழிஞ்சி கிடக்கிது. நீ நிப்பாட்டின இடத்தோட புத்தகமும் முடியிது."

"ஓம். எனக்கும் அவ்வளவுதான் தெரியும்" என்றாள் முக்கால், கொஞ்சமும் கூச்சப்படாமல். "தெரிஞ்சா சொல்லாம விடுவனா?"

விஷயம் இதுதான். தொண்ணூறாம் ஆண்டு, முஸ்லிம்களெல்லாம் போய்விடவேண்டும் என்று இயக்கம் சொன்னபோது மன்னாரை விட்டு வெளிக்கிட்டவர்களில் அவளுடைய குடும்பமும் ஒன்று. அப்போது அவள் பிறக்கவில்லை. மற்றவர்கள் சட்டி பானையும் உடுப்பு மூட்டையும் ஏற்றிய தோணியில் அவள் வாப்பா ஒரு சாக்கு நாவலை ஏற்றினார். கற்பிட்டியில் இறங்கிய நாளிலிருந்து அவள் உம்மாவுக்கு அது ஒன்றே பேச்சு. அகதி முகாம் ஓரத்தில் அவளுடைய மாமா, உம்மாவின் தம்பி, ஒரு வடைக்கடை போட்டார். வடை இருந்தது, சுற்றக் கடதாசி இல்லை. சாக்கில் கடதாசி இருந்தது.

ஆனால் மாமா பயபக்தியான ஆள். வாப்பா ஒவ்வொரு புத்தகத்திலும் முதல் தாளில் பிஸ்மில்லாஹ் எழுதி வைத்திருந்தார். அதில் எண்ணெய் படலாமா? எனவே மாமா மிகக் கவனமாக, பின்பக்கமிருந்து கிழித்தார்.

இதைப் பற்றி முக்கால் சண்டை பிடிக்கும்போதெல்லாம் அவர் அமைதியாகச் சொல்வார்: "முன்னுக்கு அல்லாட பேர் ஈக்கிது புள்ள. பின்னுக்கு என்னத்த ஈக்கிது? கத முடியிற இடம்தானே."

இப்படியாக எத்தனையோ கதாநாயகிகளின் கல்யாணம் உளுந்து வடையோடு போய்ச் சேர்ந்தது. முக்கால் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கியபோது சாக்கில் முடிவுள்ள புத்தகம் ஒன்றுகூட மிஞ்சியிருக்கவில்லை.

அவற்றிலும் ஒரு நாவல் அவளைப் பாடாய்ப் படுத்தியது. கல்யாணத்துக்கு முதல் நாள். மணப்பெண் கிணற்றடியில் தனியாக நிற்கிறாள். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ அவளுடைய சின்ன வயதுச் செல்லப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். 'அவள் திரும்பினாள். அங்கே நின்றது' என்று பக்கம் முடிகிறது. அடுத்த பக்கத்தை யாரோ ஒரு மனிதர் வடையோடு கொண்டுபோய்விட்டார்.

எங்கள் வகுப்பு இரண்டாகப் பிளந்தது. நின்றது காணாமல்போன மச்சான் என்றது ஒரு கட்சி. செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட வாப்பா என்றது மற்றக் கட்சி. பக்கத்து வீட்டுக்காரி தேங்காய் துருவத் திருவலை கேட்டு வந்திருப்பாள் என்று என் வாப்பா தனிக்கட்சி நடத்தினார்.

வாப்பாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நோன்பு காலத்தில் அவள் வீட்டுக் கஞ்சியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவது முக்கால்தான். கோப்பையை வைத்துவிட்டுப் போகிற பெண்ணா அவள்? உம்மாவின் பக்கத்தில் குந்தி இந்தக் கதையைத் தொடங்கினாள். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிடும் இடத்துக்கும் மஃரிபு பாங்குக்கும் ஒரு நொடி பிசகவில்லை. அவள் ஓடிவிட்டாள். உம்மா கையில் பேரீச்சம்பழத்தோடு அப்படியே இருந்தார்.

"நோம்பத் துறங்க" என்றார் வாப்பா.

"அது கெடக்கட்டும். வேலிக்கு அங்கால நிண்டது யாரு?" என்றார் உம்மா.

முடிவைத் தேடி நாங்கள் பாடசாலைப் புத்தக அலுமாரியைத் திறக்கச் சொல்லி அதிபரை நச்சரித்தோம். அவர் அதில் விருந்தினருக்கான தேநீர்க் கோப்பைகளை வைத்திருந்தார். கோப்பைகளுக்குப் பின்னால் நாவல்கள் இருந்தன. நாங்கள் தேடியது இல்லை. "வேற பேர்ல அச்சடிச்சிருப்பாங்க. எல்லாத்தயும் வாசிச்சிப் பாத்தாத்தான் தெரியும்" என்று முக்கால் முகத்தை மாற்றாமல் சொன்னாள். நாங்களும் நம்பி, ஆளுக்கொன்றாக அலுமாரி முழுவதையும் வாசித்துத் தீர்த்தோம். ஏமாற்றிவிட்டாள் என்று பர்ஹானாவுக்கு விளங்கியபோது அவளே மேலும் நாலு நாவலுக்குச் சொல்லி வைத்திருந்தாள்.

புத்தளம் பஸ்ஸும் தப்பவில்லை. கொண்டக்டர் சிலாபத்துச் சிங்களவர். எங்களைப் போலவே தமிழ் கதைப்பார், ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. முக்கால் ஒருநாள் எங்களுக்கு அந்தக் கதையைத் திரும்பச் சொல்லிக்கொண்டு வர, பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மனிதர் மணியடிக்க மறந்துவிட்டார். பாலாவியில் இறங்கவேண்டிய ஹாஜியார் ஒருவர் புத்தளம் வரை போய்ச் சேர்ந்தார். அவரும் ஏசவில்லை. அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"அப்ப யார் நங்கி அங்க நின்டது?" என்று கேட்டார் கொண்டக்டர்.

"தெரியா அண்ணன். புத்தகம் கெடச்சா சொல்றன்."

அவர் ஒரு டிக்கெட்டின் பின்புறத்தில் நாவலின் பெயரை எழுதி வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

யுத்தம் முடிந்து சில வருடங்களாகியிருந்தன. மன்னார்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போகத் தொடங்கின. ஓ.எல். பரீட்சை முடிந்த கையோடு முக்காலின் வாப்பாவும் மன்னாரில் தன் பழைய வீட்டு வளவைத் துப்புரவாக்கப் போனார். எல்லோரும் அவளுக்கு வாழ்த்துச் சொன்னார்கள். அவள் என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டுபோய்ச் சொன்னாள்:

"ஊருக்குப் போறியே, சந்தோசமா எண்டு கேக்கிறாங்க. எனக்கு இதுதான்டி ஊரு. அங்க ஒரு ஆளத் தெரியா. யாருக்குக் கத சொல்ற? போனா நீங்களும் என்ன மறந்திருவீங்க. போறதுக்குள்ள அந்த வேலிக்கு அங்கால நிண்டது யாரு எண்டாவது தெரியணும்."

முக்கால் ஒரு பேச்சை முழுதாக முடித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

லொறி வந்த அன்று காலை கொண்டக்டரும் வந்தார். கையில் ஒரு பழைய புத்தகம். சிலாபத்தில் பழைய பேப்பர்க் கடையொன்றில், டிக்கெட்டை வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுக் கண்டுபிடித்திருக்கிறார். "பின்னால பாத்தேன் நங்கி. தாள் எல்லாம் இருக்கு" என்றார் பெருமையாக.

லொறியில் ஏற்றாமல் ஒரு கதிரைதான் மிச்சமிருந்தது. முக்கால் அதில் உட்கார்ந்தாள். சுற்றிவர நாங்கள், என் உம்மா, கொண்டக்டர், குற்றவாளியான வடைக்கடை மாமா. மச்சான் கட்சியும் வாப்பா கட்சியும் எதிரெதிரே நின்றன. அவள் கிணற்றடியிலிருந்து சத்தமாக வாசித்தாள். வேலி வந்தது. குரல் வந்தது. 'அவள் திரும்பினாள். அங்கே நின்றது.'

தாளைப் புரட்டினாள். கண்கள் மட்டும் வரிவரியாக ஓடின. பிறகு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். புத்தகத்தை மூடித் தன் பைக்குள் வைத்தாள்.

"மிச்சம் மன்னார்ல ஈக்கிது" என்றாள்.

அதன் பிறகு அந்த வளவில் எழுந்த கூச்சலை நான் எழுதப்போவதில்லை. உம்மா கெஞ்சினார். பர்ஹானா பையைப் பறிக்கப் பார்த்தாள். "எனக்காவது சொல்லிட்டுப் போ புள்ள" என்றார் மாமா. "ஒங்களுக்குக் கடசியாத்தான் சொல்றது" என்று ஏறிப்போய் லொறியின் முன்சீட்டில் இருந்துகொண்டாள். எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. எது முந்தி வந்ததென்று ஞாபகமில்லை.

அடுத்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு வேன் பிடித்து மன்னாருக்குப் போனோம். கொண்டக்டர் எங்களுக்கு முன்னரே ஏறி இருந்தார். முக்கால் புரியாணி போட்டாள், வட்டிலப்பம் தந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்பிள்ளைகள் நாலைந்து பேர் அவளுடைய விறாந்தையில் குந்தியிருந்து எங்களை முறைத்துப் பார்த்தார்கள். ஏதோ ஒரு கதையை முக்காலில் விட்டுவிட்டு எங்களைக் கவனிக்க எழும்பியிருக்கிறாள். புறப்படும்போது முடிவைக் கேட்டோம்.

"அடுத்த பெருநாளைக்கு வாங்க."

வருடா வருடம் அதே பதில். இப்போது பர்ஹானா பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வருகிறாள். கேள்வியை மட்டும் நாங்கள் ஒரு மரியாதைக்காகக் கேட்டு வைக்கிறோம்.

அந்த நாவலின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் உங்களில் யாராவது முடிவை எனக்கு எழுதி அனுப்பிவிடுவீர்கள். கைபேசியில் தேடினால் எனக்கே கிடைக்கும். தேடவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் யார் நின்றால் எனக்கென்ன? மன்னாருக்குப் போக எனக்கு ஒரு சாட்டு வேண்டும்.